நலமாகிவிட்டார் என்று நான் எழுதிய பதினேழாம் தாள்

அனுப்புநர்
உரிமையாளர்,
காகிதம் மற்றும் நோட்டுப் புத்தக மொத்த விற்பனைக் கடை,
கடைத்தெரு, தபால் நிலையத்துக்கு எதிர்வரிசை.

பெறுநர்
தலைமை அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு அலுவலகம்.

பொருள்: எங்கள் கடையின் கட்டிங் மெஷின் பணியாளர் முழுமையாகக் குணமடைந்து வேலைக்குத் தகுதியானார் என்று 28-04 தேதியிட்டு உங்கள் அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட தகுதிச் சான்று (தாள் எண் 17) பொய்யானது என்பதால் அதை ரத்து செய்து, மூடப்பட்ட அவரது சிகிச்சைக் கோப்பைத் திறக்கவும், சான்றை எழுதியவர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. கோப்பு மூடப்பட்டதைத் தெரிவிக்கும் உங்கள் கடிதம், நாள் 16-05.
2. மூன்றாம் கவுன்ட்டரில் நான் நேரில் வந்து கேட்ட நாள்கள்: 19-05, 23-05, 30-05.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சான்றை எழுதியவர் யார் என்று தேடும் வேலையை உங்களுக்கு வைக்கவில்லை. எழுதியவன் நான்தான். மற்ற விவரங்களை வரிசையாகக் கீழே தருகிறேன்.

1. பதினாறு வயதில் நடைபாதையில் துணி விரித்து நோட்டுப் புத்தகம் விற்று மேலே வந்தவன் நான். இன்று என் கடையில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பள்ளிகளுக்கு நோட்டு, அலுவலகங்களுக்குப் பதிவேடு, மருத்துவர்களுக்குச் சீட்டுப் புத்தகம் எல்லாம் நாங்களே வெட்டித் தைத்துக் கொடுக்கிறோம். உங்கள் மூன்றாம் கவுன்ட்டரில் இருக்கும் நீல அட்டைப் பதிவேடும் எங்கள் சரக்குதான். காகிதத்தில் ஏறிவிட்டால் ஒரு விஷயம் நடந்ததாக ஆகிவிடும். அதை நம்பித்தான் என் தொழிலே நடக்கிறது.

2. எங்கள் கடையில் திங்கட்கிழமை தோறும் நான்கைந்து பேர் வரமாட்டார்கள். தலைவலி, வயிற்றுவலி, காய்ச்சல், இழவு என்று ஏதாவது ஒன்று இருக்கும். லோடு ஏற்றுபவர் ஒருவரின் மாமியார் இரண்டு வருடத்தில் மூன்று முறை இறந்தார். நாலாவது முறை வந்து நின்றபோது, "இன்னும் எத்தனை தடவைய்யா சாவாங்க உன் மாமியார்?" என்று கேட்டேன். "இதுதான் கடைசி முதலாளி" என்றார். கடையே சிரித்தது. அன்று மாலையே சட்டம் போட்டேன். உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்தால் மருத்துவச் சான்று வேண்டும். திரும்பி வரும்போது தகுதிச் சான்றும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் படியேறக் கூடாது. அடுத்த மாதமே திங்கட்கிழமை வருகை சரியாகிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து என் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

3. இதில் ஒரு சிக்கல் வந்தது. பின்தெருவில் இருக்கும் மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்க அரை நாள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. குணமானவர் குணமானதைக் காட்டுவதற்காக இன்னும் அரை நாள் வேலையைக் கெடுத்தார். அந்த மருத்துவருக்குச் சீட்டுப் புத்தகம் அடித்துக் கொடுப்பவன் நான். எதையும் சில்லறையில் வாங்கிப் பழக்கமில்லாதவனும்கூட. எனவே ஐம்பது தாள் கொண்ட தகுதிச் சான்றுப் புத்தகம் ஒன்றை, ஒவ்வொரு தாளுக்கும் கீழ்ப்பிரதியோடு நானே அடித்து, நானே வெட்டி எடுத்துப் போய், மொத்தத்திலும் கையெழுத்துக் கேட்டேன். அவர் நோயாளியின் முதுகில் கருவியை வைத்தபடியே, "உங்க ஆளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?" என்று சொல்லிவிட்டு, மதியத்துக்குள் ஐம்பதிலும் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பதிலாக அவருக்குச் சீட்டுப் புத்தகம் இலவசம் என்று பேச்சு. புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. பெயர், தேதி, எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை நானே நிரப்பி, உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவேன்.

4. இப்படிப் பதினாறு தாள் எழுதினேன். பதினாறு பேருக்கும் ரத்த அழுத்தம் ஒன்றே, எடையும் ஒன்றே. 62 கிலோ. அது என் எடை. யாருடைய எடையும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே எடையை எழுதினேன். ஒன்பதாம் தாள் பைண்டிங் பிரிவில் தையல் போடும் பெண்ணுடையது. கரு கலைந்து ஒன்பதாம் நாள் அவர் வேலைக்கு வந்தார். "காய்ச்சல் நீங்கியது" என்று எழுதினேன். அவர் என் தோள் உயரம்கூட இல்லாத ஒல்லியான பெண். அவருக்கும் 62 கிலோதான். உங்கள் அலுவலகத்தில் இந்தப் பதினாறையும் யாரும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானே பார்க்கவில்லை.

5. பதினேழாம் தாளுக்கு உரியவர் எங்கள் கட்டிங் மெஷின் பணியாளர். கடையில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அளவுகோல் வைக்காமலே விளிம்பைப் பார்த்து நூலளவு கோணலையும் சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடமாக என்னிடம் இருக்கிறார். அவ்வளவு காலத்தில் சான்று கேட்க வேண்டிய லீவு ஒன்றுகூட அவர் எடுத்ததில்லை. 03-04 அன்று நெஞ்சில் நீர் கோத்து உங்கள் மருத்துவமனையில் சேர்ந்தார். நீரை எடுத்துவிட்டு, மருந்தும் கொடுத்து, இரண்டு மாதம் முழு ஓய்வு, தூசியுள்ள இடத்துக்குப் போகக் கூடாது என்று எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது. படித்தேன்.

6. படித்ததை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். எவர் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் பாதிக்குப் பேசி முடிப்பது என் பழக்கம். இரண்டு மாதம் என்று மருத்துவர் எழுதியதையும் சொல்லும் விலையாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் போதும் என்று எனக்குள்ளேயே முடித்துக்கொண்டேன். பள்ளி திறக்கும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மெஷினில் வைத்த மாற்று ஆள் ஒரே வாரத்தில் நாற்பது ரீம் காகிதத்தைக் கோணலாக வெட்டியிருந்தார்.

7. 28-04 அன்று மாலை பழமும் பதினேழாம் தாளும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தாளைக் கடையிலேயே நிரப்பிவிட்டேன். வீடு மூன்றாம் மாடி. அவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். தாளை வாங்கியதும் பழக்கதோஷத்தில் விளிம்பைத் தடவிப் பார்த்து, "நம்ம கட்டிங் இல்லையே, கோணலா இருக்கே" என்றார். பிறகு படித்தார். "அறுபத்திரண்டு கிலோவா? படி ஏறினா மூச்சு வாங்குது முதலாளி. ஆனா இதைப் படிச்சா நல்லாத்தான் இருக்கேன் போல" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், இருமல் வந்தது. அவர் மனைவி பழத்தை வாங்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றார். சிரிக்கவில்லை. "டாக்டர் தூசி ஆகாதுன்னாரே அண்ணே" என்றார். "மெஷின்ல கை வைக்க வேணாம்மா. ஸ்டூல்ல உக்காந்து சொன்னாப் போதும்" என்றேன். அளவுக்காரர் வருகிறேன் என்றார். வரமாட்டேன் என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அது தெரிந்துதான் போனேன்.

8. மறுநாள் காலை அவர் வேலைக்கு வந்தார். அன்றே பதினேழாம் தாளை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதல் நாளே ஸ்டூலை விட்டு எழுந்து மெஷினுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. வெட்டு நேராக வந்துகொண்டிருந்தது.

9. பன்னிரண்டாம் வேலைநாள் 12-05. வெட்டி முடித்த காகித அடுக்கின் மேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அன்று காலை பத்து மணி வாக்கில் அப்படித்தான் கன்னத்தை வைத்திருந்தார். கணக்குப் பிள்ளையோடு பேசியபடி நான் அந்த வழியாகப் போனேன். நேர் பார்க்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தேன், அப்போதும் அப்படியே இருந்தார். "இன்னைக்கு ரொம்பத்தான் பார்க்கிறார்" என்று கணக்குப் பிள்ளையிடம் சொன்னேன். தையல் போடும் பெண்தான் போய்த் தொட்டார். கால் மணி நேரம் இருக்கும் என்று கணக்குப் பிள்ளை சொல்கிறார். இருபது நிமிடம் என்பது என் கணக்கு. மேல் தாளில் ஈரம் இருந்தது. அந்த அடுக்கை அப்படியே வைத்திருக்கிறேன். விற்கவில்லை.

10. உங்கள் மருத்துவமனையில் இரண்டு நாள் அவசரப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், இவர் 28-04இலேயே குணமாகிவிட்டவர், பழைய கோப்பு மூடியாகிவிட்டது, புதிய கோப்பு திறக்கத் தொடர்ந்து தொண்ணூறு நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், பன்னிரண்டு நாள்தான் பார்த்திருக்கிறார் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். விதிப்படி அது சரி. நானே விதி போடுகிறவன், எனக்கு அது விளங்குகிறது. தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். நீர் இப்போது சீழாகியிருக்கிறது, நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்தால் பிழைப்பார் என்றார்கள். குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஊரில் அந்த அறுவைக்கு வசதி உங்கள் மருத்துவமனையில் மட்டும்தான் உண்டு. அதற்கான மருத்துவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறார். இம்முறை நோயாளிகள் பட்டியல் 20-06 அன்று முடிகிறது. கோப்பு திறந்திருப்பவர்கள் பெயர்தான் அதில் ஏறும். வெளியூர் கொண்டுபோகும் நிலையில் அவர் இல்லை.

11. செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "உங்க காசு வேணாம் அண்ணே. காசு கொடுத்தா அந்த ஆஸ்பத்திரி கதவு திறக்குமா? அந்தப் பேப்பர் பொய்னு எழுதிக் குடுங்க. அது போதும்" என்றார். எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு நடந்தவை இவை.

12. பின்தெரு மருத்துவரிடம் போய், அளவுக்காரரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாக ஒரு கடிதம் கேட்டேன். "பார்த்தேன்னு அதுலயே அச்சடிச்சிருக்கே, நீங்கதானே அடிச்சீங்க. பார்க்கலைன்னு எழுதினா என் போர்டைக் கழட்டணும். எனக்கு இருக்கிறதே இந்தக் கையெழுத்து ஒண்ணுதான்" என்றார். ஐம்பது முறை போட்டுக் கொடுத்த கையெழுத்து அது. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

13. வழக்கறிஞர், "பொய்யின்னு எழுதாதீங்க, எழுத்துப் பிழையின்னு எழுதுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார். அப்படியும் ஒரு மனு எழுதினேன். எழுத்துப் பிழை என்றால் பெயரும் தேதியும்தான் திருத்துவோம், குணமானதைத் திருத்த முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த மனுவைக் கிழித்துவிட்டேன்.

14. மூன்றாம் கவுன்ட்டர் அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மீது புகார் இல்லை. "குணமாயிட்டார்னு அனுப்பினது நீங்க. இப்ப குணமாகலைன்னு சொல்றதும் நீங்க. அதுக்குன்னு ஒரு ஃபார்ம் இல்லையே சார்" என்றார். ஃபார்ம் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால் நாளைக்கே அடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் முறை போனபோது, "புகார் கொடுக்கிறவரும் நீங்க, யார் மேலயோ அவரும் நீங்க. நான் எந்தப் பக்கத்துல எழுதுறது?" என்று பதிவேட்டைத் திறந்து காட்டினார். நாங்கள் கோடு போட்டுக் கொடுத்த பதிவேடு. இடப்பக்கம் புகார்தாரர், வலப்பக்கம் எதிர்தரப்பு. இரண்டிலும் என் பெயரையே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அப்படி எழுத வழியில்லை என்றார். எனவே நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

15. மனக்குழப்பத்தில் எழுதிய மனு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைத் தெரிவிக்கிறேன். எனக்குப் பசி எடுக்கிறது. தூக்கம் வருகிறது. கடையைத் தினமும் எட்டரைக்குத் திறக்கிறேன். எல்லாப் பள்ளிகளுக்கும் நோட்டுப் புத்தகம் குறித்த நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு பள்ளியிலிருந்து இந்த முறை வெட்டு நன்றாக இருந்தது என்று கடிதம்கூட வந்தது. அதையும் கோப்பில் வைத்தேன். சான்றுச் சட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது யாராவது உடம்பு சரியில்லை என்றால் சரி என்கிறேன். போன திங்கட்கிழமை ஒருவரும் லீவு எடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

16. மனுவுடன் தற்போதைய உடல்நிலைக்கு ஆதாரம் வேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடும். அவரால் படி இறங்க முடியாது. நேற்று மதியம் கடையில் காகிதக் கட்டு நிறுக்கும் எடை மெஷினை லோடு ஏற்றுபவர் தோளில் வைத்து மூன்று மாடி ஏற்றினார். மாமியார்க்காரர்தான் அவர். அளவுக்காரரை நிற்க வைத்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கையை எடுங்க, சரியா காட்டணும்" என்று அவர் மனைவி சுவரிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். 44 காட்டியது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அளவுக்கு மேல வெட்டிட்டீங்களே முதலாளி" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். மெஷின் சரியாக இருக்கிறதா என்று அவர் மனைவி கேட்டார். நான் ஏறி நின்று காட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

17. ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

அ) தாள் எண் 17ஐ ரத்து செய்து, அவரது கோப்பு 03-04 முதல் மூடப்படாமலே இருந்ததாக ஆணையிட வேண்டும். 20-06க்குள் அவர் பெயர் அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் ஏற வேண்டும்.

ஆ) கையெழுத்தோடு மீதியிருக்கும் முப்பத்து மூன்று வெற்றுத் தாள்களை எண்ணிப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவை என் இழுப்பறையில் இருக்கும்வரை எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

இ) மற்ற பதினாறு பேரையும் அழைத்து, அவர்கள் உண்மையில் எந்த நிலையில் வேலைக்குத் திரும்பினார்கள் என்று கேட்க வேண்டும். நான் அந்த இடத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.

ஈ) என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்க வேண்டும். கடையைப் பூட்டச் சொன்னாலும் சாவி என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன். ஆனால் இதற்கான விசாரணை முடியட்டும் என்று முதல் கோரிக்கையை நிறுத்தி வைக்க வேண்டாம். என் விஷயம் எங்கும் போய்விடாது. அவருக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது.

ஆணையின் நகலை என் கடைக்கு அனுப்ப வேண்டாம், அவர் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். அவர் மனைவி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், அதனால் நான்கு வரிக்குள் இருந்தால் நல்லது. அதில் பிழை, தவறு, முரண்பாடு என்றெல்லாம் போட வேண்டாம். பொய் என்றே எழுதுங்கள், ஐயா. அவர் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

நாள்: 09-06
இடம்: கடை

இப்படிக்கு,
(ஒப்பம்)
கடை உரிமையாளர்,
தாள் எண் 17ஐ எழுதியவர்.

இணைப்பு:
1. தகுதிச் சான்றுப் புத்தகம்: கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள் 33, கீழ்ப்பிரதிகள் 17.
2. இரண்டு மாத ஓய்வு எழுதிய மருத்துவமனைச் சீட்டு. என் கையில் கிடைத்த தேதி பின்பக்கம் உள்ளது.
3. தனியார் மருத்துவமனை அறிக்கை.
4. நேற்று எடுத்த எடைக் குறிப்பு, இருவருடையதும். அவர் 44. நான் 62.